டீச்சரைக் கேளுங்கோ: பேர்லினில் பிள்ளையின் சனி ஞாயிறு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. மாணவர் பரிமாற்றத்தில் ஜேர்மனிக்குப் போகப்போகிற பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், சொந்தக்காரர் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஒருவருக்கும் பயமில்லை, சனி ஞாயிறுதான் எல்லாருக்கும் தலையிடி. நான் பேர்லினில் படித்தவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. செட்டிகுளம் முகாமில் பிறந்தவள். பேர்லினில் ஒரு குடும்பத்தோடு தங்கி பத்து மாதம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். அங்கே சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் தாங்களே நகரம் முழுக்கச் சுற்றுவார்களாம், வீட்டுக்காரரும் மறிக்க மாட்டார்களாம். இங்கே பொழுதுபட்டால் சந்திக் கடைக்குக்கூட நான் அவளைத் தனியே விட்டதில்லை. போ என்று சொல்லவும் பயம், மறிக்கவும் மனமில்லை. என்ன செய்ய டீச்சர்?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, ஏன் பயப்படுகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வெளியே போன பிள்ளை திரும்பி வராத வீடு உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும், எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறது. அந்தப் பயத்தோடு இவ்வளவு தூரம் அவளை விண்ணப்பிக்க விட்டீர்களே, அதுவே பெரிய காரியம்.

ஆனாலும் என் பதில், விடுங்கள் என்பதுதான். சனி ஞாயிறில் வெளியே இறங்காத பிள்ளை பத்து மாதமும் ஒரு வகுப்பறையையும் ஒரு படுக்கையறையையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பும். ஜேர்மன் பாஷை வகுப்பில் பாதிதான் வரும். பேக்கரி வரிசையில் பின்னால் ஆறு பேர் அவசரத்தில் நிற்க, முறை வந்ததும் வாயைத் திறந்து பாண் கேட்கிற அந்த இடத்தில்தான் மிச்சப் பாதி வரும். அதுவும் ரெயின் மாறி ஏறி, இறங்க வேண்டிய ஸ்ரேசனைத் தவறவிட்டு, யாரிடமாவது கேட்டு, திரும்பி வீடு வந்து சேர்ந்த பிள்ளைக்கு வருகிற தைரியம் இருக்கிறதே, அதை நாங்கள் இங்கே எந்த ரியூசனிலும் காசு கட்டி வாங்க முடியாது.

விடுவதற்கு முன் சில விஷயங்களை அவளோடும் அந்த வீட்டுக்காரரோடும் கதைத்து முடிவு கட்டிக்கொள்ளுங்கள். முதலாவது இருட்டு. டிசம்பரில் பேர்லினில் பின்னேரம் நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அதனால் "பொழுதுபட முன் வீட்டுக்கு வா" என்கிற எங்கள் கட்டளை அங்கே சரிவராது, மணிக்கணக்கில் சொல்லுங்கள். எத்தனை மணி என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கட்டும், தங்கள் நகரத்தை அவர்களுக்குத் தெரியும், அந்தப் பத்து மாதமும் பொறுப்பும் அவர்களுடையது. நீங்கள் ஒன்று சொல்லி அவர்கள் வேறொன்று சொன்னால் நடுவில் பிள்ளைதான் அல்லாடும்.

இரண்டாவது போன். குளிர்காலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் நாலரை மணித்தியாலம் வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதும் அது மூன்றரை ஆகும். குளிர்காலத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு அவள் வீடு திரும்பினால் உங்களுக்கு நடுச்சாமம் தாண்டி ஒன்றரை. அவ்வளவு நேரமும் விழித்திருந்து பத்துத் தரம் போன் அடிக்காதீர்கள் அம்மா. நிலத்தடி ரெயினுக்குள் இருக்கிற பிள்ளைக்கு நீங்கள் அடிப்பது தெரியாமலே போகலாம், அவள் எடுக்காத ஒவ்வொரு தரமும் உங்கள் நெஞ்சு பதறும். "வீட்டுக்கு வந்திட்டன்" என்று வட்சப்பில் ஒரு வரி, அது கட்டாயம். ஞாயிறு பின்னேரம் ஆறுதலாக முகம் பார்த்துக் கதைக்க ஒரு நேரம், அதுவும் கட்டாயம். இரண்டும் போதும்.

மூன்றாவது நீங்கள் எழுத வெட்கப்பட்ட விஷயம், நானே சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியில் 16 வயதானால் பியரும் வைனும் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் கூடப் படிக்கிற பிள்ளைகள் பூங்காவில் பியர்ப் போத்தலோடு இருப்பதை அவள் காண்பாள், பார்த்து மிரளத் தேவையில்லை. பரிமாற்றத்தில் போகிற பிள்ளைக்கு அந்த நிறுவனத்தின் விதிதான் பெரிது. ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தில் குடி, போதைப்பொருள், வாகனம் ஓட்டுவது, காதல் விவகாரம் நான்கும் கூடாது என்பது பழைய விதி, மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் மகளின் நிறுவனமும் ஒரு விதித்தாள் தந்திருக்கும், அதை எடுத்து வைத்து இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். ஆபத்து அந்தரத்துக்கு 112 என்ற இலக்கம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும், காசு இல்லை. வீட்டு விலாசத்தை ஒரு துண்டில் எழுதிப் பையில் வைக்கச் சொல்லுங்கள், குளிரில் போன் பற்றரி கெதியாக இறங்கிவிடும்.

கேள்வி: டீச்சர், நானும் போகிறேன். முதல் சனிக்கிழமை எங்கே போகலாம்? கைச்செலவுக்கு வீட்டில் தரக்கூடியது கொஞ்சம்தான்.
— உயர்தர மாணவி, பரந்தன்

பதில்: தங்கச்சி, முதல் சனிக்கிழமை எங்கேயும் போகாதே, வீட்டுக்கு வரப் பழகு. உன் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஸ்ரேசனின் பெயர் என்ன, எந்தப் பக்க வாசலால் ஏற வேண்டும், கடைசித் தரிப்பிடமாக ரெயினின் நெற்றியில் என்ன பெயர் எழுதியிருக்கும், இவ்வளவையும் போனைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்த பிறகு நகரம் உன்னுடையது.

அங்கே ஸ்ரேசனில் தடுப்புக் கதவு ஒன்றும் கிடையாது, நேரே நடந்து போய் ரெயினில் ஏறலாம். அதைப் பார்த்து ரிக்கெற் தேவையில்லை என்று நினைத்துவிடாதே. சாதாரண உடுப்பில் பக்கத்தில் நின்ற ஆள் கதவு பூட்டியதும் அட்டையைக் காட்டி ரிக்கெற் கேட்பார், இல்லாவிட்டால் 60 யூரோ தண்டம். தாள் ரிக்கெற் வாங்கினால் மேடையில் நிற்கிற சின்னப் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், குத்தாத ரிக்கெற்றும் செல்லாது. பேர்லினில் பள்ளி மாணவர்களுக்கு 2019 முதல் நகர எல்லைக்குள் உள்ள ஏ, பி என்ற இரண்டு வலயத்துக்குள்ளும் பயணம் இலவசம், பள்ளியில் பதிந்ததும் அந்த அட்டையைப் பற்றிக் கேள். விமான நிலையமும் பொட்ஸ்டாம் நகரமும் சி வலயத்தில் இருக்கின்றன. அங்கே போகிற அன்று மேலதிக ரிக்கெற் ஒன்று எடுக்க வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் மாட்டுப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சரி, சுற்றுவதற்கு வருவோம். 100ஆம் இலக்க பஸ், இரண்டு தட்டு பஸ். ஸூ ஸ்ரேசனில் ஏறி மேல்தட்டில் முன்சீற்றைப் பிடித்துவிட்டால் வெற்றித் தூண், பாராளுமன்றம், பிரண்டன்பேர்க் வாசல் பக்கம், மியூசியத் தீவு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து கடைசியில் அலெக்சாண்டர் சதுக்கத்தில் இறக்கிவிடும். உல்லாசப் பயணிகளின் பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறவர்கள் பார்க்கிற அநேகமானவற்றை உன் பள்ளி அட்டையோடு பார்க்கலாம். இறங்கிய இடத்தில் நிமிர்ந்தால் தொலைக்காட்சிக் கோபுரம், 368 மீற்றர், நாடு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தபோது கிழக்கு ஜேர்மனிக்காரர் 1969இல் கட்டி முடித்தது. நகரத்தில் பல இடங்களிலிருந்து அது தெரியும், வழி தவறினால் அதைத் தேடிப் பிடி.

மியூசியங்களுக்குப் பயப்படாதே. அரச மியூசியங்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். பேர்கமொன் மியூசியம் 2023 ஒக்ரோபரிலிருந்து திருத்த வேலைக்காகப் பூட்டியிருக்கிறது, போகுமுன் திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள். பக்கத்திலேயே நொயெஸ் மியூசியத்தில் எகிப்து அரசி நெஃபெர்டிற்றியின் சிலை இருக்கிறது. 3,300 வருசத்துக்கு மேல் பழையது, ஒரு அறைக்குள் அவள் மட்டும்தான். கழுத்தையும் கன்னத்தையும் எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் உயிரோடு இருக்கிற ஆள் மாதிரியே இருக்கும், இடது கண்ணுக்குள் மட்டும் மணி இல்லை. ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தாலும் யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள். பாராளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கும் இலவசம்தான், ஆனால் இணையத்தில் முன்கூட்டிப் பதிய வேண்டும், பாஸ்போட்டும் கொண்டு போக வேண்டும்.

வெயில் அடிக்கிற ஞாயிறென்றால் ரெம்பல்ஹோஃபுக்குப் போ, இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். அது 2008இல் மூடிய விமான நிலையம். ஓடுபாதையை உடைக்காமல் அப்படியே விட்டு 2010இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சைக்கிள் ஓடலாம், பட்டம் ஏற்றலாம், சும்மா படுத்தும் கிடக்கலாம். 1948இல் சோவியத் படை மேற்கு பேர்லினுக்குப் போகிற தரைவழி எல்லாவற்றையும் அடைத்தபோது, கிட்டத்தட்ட ஒரு வருசம் மாவும் நிலக்கரியும் பால்மாவும் வந்து இறங்கியது முக்கியமாக இங்கேதான். அமெரிக்க விமானி ஹல்வோர்சன் கைலேஞ்சியைக் குட்டிப் பரசூட்டாகக் கட்டி, வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்கு விமானத்திலிருந்து சொக்லேற் போட்டார். சில வருசத்துக்கு முன்னால் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட நகரம் அது. பாதை அடைபட்டு மாவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற கதையை உன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருப்பாய், அதனால் அந்த ஓடுபாதையில் நடக்கும்போது உனக்கு மற்றவர்களைவிடக் கூட விளங்கும்.

காசைப் பற்றி ஒன்று. தண்ணீர், சோடாப் பிளாஸ்ரிக் போத்தலுக்கு 25 சதம் முற்பணம் சேர்த்துத்தான் விலை எடுப்பார்கள், வெறும் போத்தலை சுப்பர்மார்க்கெற்றில் இருக்கிற மெசினுக்குள் போட்டால் துண்டு வரும், காசாளரிடம் கொடுத்து மாற்றலாம். எறிந்துவிடாதே.

கேள்வி: என் பேத்தி போகிறாள். ஜேர்மனியில் எங்கள் சொந்தக்காரர் நிறையப் பேர். ஒவ்வொரு சனி ஞாயிறும் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டால் சோறு கறியும் கிடைக்கும், கோயிலுக்கும் போகலாம், எங்களுக்கும் நிம்மதி. சரிதானே?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், மாங்குளம்

பதில்: ஐயா, முதலில் அவர்கள் எந்த ஊர் என்று பாருங்கள். எங்களவர்கள் அதிகமாக இருப்பது மேற்கே, டோர்ட்முண்ட், எசன், ஹம் பக்கம். பேர்லினிலிருந்து அது முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கொழும்புக்குப் போவதைவிடத் தூரம். பள்ளி விடுமுறையில் ஒரு தரம் போகட்டும், ஹம் காமாட்சி அம்மனையும் பார்க்கட்டும். கிழமைக்குக் கிழமை வேண்டாம். அந்த வீட்டுக்காரர் ஒரு பிள்ளையைத் தங்களோடு வாழக் கூப்பிட்டிருக்கிறார்கள், சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் அவள் இல்லாவிட்டால் அவர்களுக்கு மனம் நோகும்.

கோயிலுக்கு பேர்லினிலேயே வழி உண்டு. பிரிட்ஸ் பகுதியில் ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, எங்கள் ஆட்கள் கட்டி நடத்துவது. யூ7 என்கிற நிலத்தடி ரெயினில் பிளாஷ்கோஅலே ஸ்ரேசனில் இறங்கலாம். வெள்ளி பின்னேரமோ ஞாயிறோ போய்வந்தால் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் கொஞ்சம் ஆறும், அங்கே நாலு அக்காமாரையும் பழகிக்கொள்வாள். அவசரத்துக்கு அது பெரிய துணை.

உங்கள் பேத்தி கட்டாயம் போக வேண்டிய இன்னொரு இடம் ஃபிரீட்ரிஷ் வீதி ஸ்ரேசன். 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் பெடியள் எத்தனையோ பேர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, நகர ரெயினைப் பிடித்து, இந்த ஸ்ரேசனால்தான் மேற்குப் பக்கம் போனார்கள். அதை எல்லையாக மேற்கு பேர்லின் ஏற்றுக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் பாஸ்போட் பார்க்க ஆளில்லை. 1985இல், மேலே போக விசா இல்லாத இலங்கையர்களைக் கிழக்கு ஜேர்மனி வரவிடாமல் நிறுத்தியதும் அந்த வழி அடைபட்டது. ஸ்ரேசனை ஒட்டிக் கண்ணீர் மாளிகை என்று ஒரு மண்டபம் இருக்கிறது, மேற்கே போகிறவர்களை வழியனுப்ப வந்த கிழக்கு ஜேர்மனிக்காரர் அழுதுகொண்டு நின்ற இடம், இப்போது மியூசியம், காசில்லை. ஐயா, உங்கள் சொந்தக்காரரில் மூத்தவர் யாராவது அந்த வழியால் போனவரா என்று விசாரியுங்கள். போனவரென்றால், எந்த மேடையில் இறங்கினார், கையில் என்ன இருந்தது, யாரிடம் வழி கேட்டார் என்பதைப் பேத்திக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொண்டு போய் அங்கே நிற்கட்டும்.

கேள்வி: அங்கே உள்ளவர்கள் யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? எனக்கு அது நடந்தபோது ஒரு வயது. ஒன்றும் ஞாபகமில்லை, ஆனால் எங்கள் வீட்டில் பெரியண்ணாவின் படம் தொங்குகிறது. சொன்னால் பாவம் பார்ப்பார்கள், சொல்லாவிட்டால் பொய் சொல்வது மாதிரி இருக்கிறது.
— மாணவன், கிளிநொச்சி

பதில்: தம்பி, கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. "இப்ப கதைக்க விருப்பமில்லை, பிறகு சொல்றன்" என்று சொல்லலாம், அங்கே அதைத் தப்பாக எடுக்க மாட்டார்கள். சொல்ல மனம் வந்தால் யுத்தத்தைப் பற்றிச் சொல்லாதே, அண்ணாவைப் பற்றிச் சொல். என்ன விளையாடுவார், அம்மா அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவா, அதிலிருந்து தொடங்கு. கேட்கிறவர் ஒரு ஆளைத் தெரிந்துகொள்வார், பாவம் பார்க்கிற எண்ணம் தானாகப் பின்னால் போகும்.

ஒரு சனிக்கிழமை நீ குனிந்தபடி நடக்க வேண்டும். பேர்லின் நடைபாதைகளில் கல்லுகளுக்கு நடுவே பித்தளை முகம் வைத்த சின்னக் கல் பதித்திருப்பார்கள், பத்து சென்ரிமீற்றர் சதுரம். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி பெயர், பிறந்த வருசம், பிடித்துக்கொண்டு போன திகதி, கொல்லப்பட்ட இடம். ஹிட்லரின் நாசிகளால் கொல்லப்பட்டவர்கள் கடைசியாகத் தாங்களாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் அந்தக் கல் இருக்கும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கியது, ஐரோப்பா முழுக்க இப்போது 100,000க்கு மேல், பேர்லினில் மட்டும் 10,000க்கு மேல். சில வாசலில் ஒரே கல், சில வாசலில் தாய் தகப்பன் பிள்ளைகள் என்று வரிசையாக. நான் இருந்த வீதியில் நவம்பர் மாதத்தில் ஒரு அம்மா வாளியும் துணியுமாக வந்து முழங்காலில் இருந்து அந்தப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தா, அவவுக்கு அந்தக் குடும்பம் சொந்தமும் இல்லை, அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிறவ, அவ்வளவுதான்.

நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த மதிலையும் பார். 1961 ஓகஸ்ட் 13இல் கட்டத் தொடங்கி 1989 நவம்பர் 9இல் திறந்த மதில். வர்ணப் படங்கள் கீறிய நீளத் துண்டில்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள், நீ பேர்னவர் வீதி நினைவிடத்துக்குப் போ. மதிலில் செத்தவர்களின் முகங்களை அங்கே வெளியில், வெயிலிலும் மழையிலும், ஒவ்வொன்றாகப் படமாக வைத்திருக்கிறார்கள், ஆட்கள் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு நகரம் தான் செய்த கொலையையும் தனக்கு நடந்த கொலையையும் நடுறோட்டில் பெயர் சொல்லி எழுதி வைக்க முடியும் என்பதை நீ கண்ணால் காண வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களோடு வந்து குந்திய அம்மாமார் கேட்கிறதும் பெயரும் பதிலும்தான். அவர்களைக் கடந்து பள்ளிக்கூடம் போனவன் நீ. அங்கே பார்த்ததை இங்கே வந்து அவர்களுக்குச் சொல், என்னிடம் சொல்வதைவிட அது முக்கியம்.

கேள்வி: சனி ஞாயிறு ஊர் சுற்றித் திரிந்துவிட்டு வந்தால் உயர்தரம் என்ன ஆவது? இங்கே மற்றப் பிள்ளைகள் ரியூசனில் இருப்பார்களே?
— ஒரு தகப்பன், வவுனியா

பதில்: ஒரு வருசம் பிந்தும். பிந்தட்டும். போகுமுன் அதிபரோடு கதைத்து, திரும்பி வந்து எந்த வகுப்பில் சேர்வது, எந்த வருசம் பரீட்சை எடுப்பது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். பாடப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் பூட்டிக்கொண்டு படிக்கச் சொல்லாதீர்கள், இரண்டும் கெட்டுவிடும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையே இல்லையாமே? மகன் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான், பசியோடு கிடப்பானோ?
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: கடைகள் பூட்டுத்தான் அம்மா, சட்டமே அப்படி. வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். பேக்கரிகள் சில காலையில் திறந்திருக்கும், பிரதான ரெயில் நிலையத்துக்குள் சுப்பர்மார்க்கெற்றும் திறந்திருக்கும், சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு தடையும் இல்லை. இறைச்சியைச் சீவி ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிற துருக்கிக்காரரின் டோனர் கடை சந்திக்குச் சந்தி உண்டு, ஆனால் அதில் மாடோ கன்றோ சேர்ந்திருக்கும். ஹேன்ஷன் என்று எழுதியிருந்தால் கோழி, அதைக் கேட்கச் சொல்லுங்கள். மரக்கறி என்றால் ஃபலாஃபல், கடலை அரைத்துப் பொரித்தது, எங்கள் வடைக்குப் பழகிய வாய்க்கு உடனே பிடிக்கும். மிளகாய்த்தூள் ஒரு கிலோ, நன்றாகச் சுற்றிக் கட்டி, பெட்டிக்குள் வையுங்கள். ஒரு ஞாயிறு அந்த வீட்டுக்காரருக்கு அவனே பருப்பும் சோறும் சமைத்துக் கொடுக்கட்டும், அதற்கு இப்போதே அடுப்படியில் பழக்குங்கள்.